தாளில் முந்நூறு, ரோட்டில் எத்தனை?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கடன் உபகுழு உறுப்பினர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாத குழுக்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



போன மாதம் மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தாங்க. பேட்டரி கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறோம், வங்கிக்கடனுக்குக் கூட்டமைப்பு பரிந்துரை செய்யணும் என்று. அந்த மனுவை எங்கள் உபகுழு உடனே எழுதி அனுப்பவில்லை. ஏன் நிறுத்தி வைத்தீர்கள் என்று சில பேருக்கு வருத்தம். வருத்தம் நியாயம்தான். அதனால் நாங்கள் என்ன பார்த்தோம், எப்படிக் கணக்குப் போட்டோம் என்பதை இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

கார் எதுக்கு என்பது உங்களுக்குத் தெரியும். நம் உறுப்பினர் ஒருவருடைய வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். பக்கத்தில் இடம் கிடைக்காமல் கோவைக்குத்தான் போகிறார். இன்னும் இரண்டு வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப் போகிறவர்கள். பிரசவம், கண் ஆபரேஷன் என்று வேறு வரும். டீசல் கார் வாடகைக்குக் கொடுத்துக் கொடுத்தே அந்த அக்கா சங்கிலியை அடகு வைத்தாச்சு. நம் குழுவிலேயே இரண்டு பெண்கள் ஓட்டுநர் உரிமம் எடுத்திருக்கிறாங்க. கார் இருந்தால் குறைந்த வாடகைக்கு ஓட்டலாம், கடனும் கட்டலாம். யோசனையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மனுவோடு கார் கம்பெனியின் விளம்பரத் தாளும் வைத்திருந்தாங்க. ஒரு சார்ஜுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம் ஊரிலிருந்து சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியாக அந்த ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் 84 கிலோமீட்டர். போக வர 168. அப்ப ஒரு சார்ஜில் கிட்டத்தட்ட இரண்டு நடை போய் வரலாமே என்று மனுவில் எழுதியிருந்தாங்க. அந்த ஒரு வரியில்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

முதலில் ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பேட்டரி எவ்வளவு பெரிசு என்பதைக் கிலோவாட் அவர் என்று எழுதுவாங்க. பேரைப் பார்த்து மிரள வேண்டாம். ரீடிங் எடுக்க வருகிறவர் நம் வீட்டு அட்டையில் எழுதுகிறாரே ஒரு யூனிட், அதேதான். 25 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் அதுக்குள்ளே 25 யூனிட் கரண்டு பிடிக்கும். குடம் எவ்வளவு பெரிசு என்று தெரிஞ்சாச்சு. அடுத்தது, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுது என்று பார்க்கணும். பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை என்று கேட்கிறோமே, அந்த மாதிரி. சின்னக் கார் நம் ரோட்டில், ஆள் ஏறி, ஏசி போட்டு ஓடினால் யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் கிடைக்கும். பெரிய காருக்கு இன்னும் குறையும். ஸ்கூட்டர் என்றால் ஒரு யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் போல ஓடும்.

இந்த இரண்டையும் பெருக்கினால் ரோட்டுத் தூரம். 25 யூனிட், யூனிட்டுக்கு 7 என்றால் 175. முந்நூறு எங்கே, 175 எங்கே?

அப்ப கம்பெனி பொய் சொல்லுதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாங்க. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த முந்நூறு எப்படி வருது என்றால், புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான சோதனை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே காரை உருளைகளின் மேல் ஏற்றி நிறுத்தி, சக்கரம் மட்டும் சுற்ற விட்டு, ஒரு அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து அளக்கிறாங்க. ஏசி ஓடாது. சித்திரை வெயில் இல்லை, மேடு இல்லை, பின்சீட்டில் மூன்று பேரும் மூட்டையும் இல்லை. எல்லாக் காரையும் ஒரே மாதிரி அளந்தால்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும். பால் சொசைட்டியில் எல்லோர் பாலையும் ஒரே கருவியில் பார்க்கிற மாதிரி. எந்தக் கார் கூட ஓடும், எது குறைய ஓடும் என்று பார்க்க அந்த எண் உதவும். நம் ஊரிலிருந்து கோவைக்குப் போய்த் திரும்ப அது உதவாது.

இதுக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானின் நிசான் கம்பெனி 2017இல் லீஃப் என்ற காரின் புது மாடலை வெளியிட்டது. பேட்டரி 40 யூனிட். ஜப்பானிய அளவைப்படி ஒரு சார்ஜுக்கு 400 கிலோமீட்டர். அதே பேட்டரிக் காருக்கு ஐரோப்பாவின் புது அளவை முறையில் கிடைத்தது 270. அமெரிக்காவில் 151 மைல், அதாவது 243 கிலோமீட்டர். அளக்கிற படிதான் ஊருக்கு ஊர் வேற. நம் நாட்டிலும் சில கம்பெனிகள் இப்ப இரண்டு எண்ணையும் சொல்கின்றன. 2024இல் வந்த டாடா கர்வ் காரில் 55 யூனிட் பேட்டரி மாடலுக்குச் சோதனை எண் 585. கம்பெனியே, நடைமுறையில் 400 முதல் 425 வரை எதிர்பார்க்கலாம் என்று சொன்னது. அதனால் கடைக்குப் போனால் சோதனை எண் எத்தனை, ரோட்டு எண் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்க. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழிச்சுடுங்க. சின்னப் பேட்டரிக் கார், வெயில் காலம், ஏசி என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதைத் தாளில் எழுதிப் பார்த்ததோடு நாங்கள் நிற்கவில்லை. ஓட்டிப் பார்க்கக் காரை ஒரு நாள் கொடுங்க என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாங்க. அந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு டயாலிசிஸ் நாள். அவர், அக்கா, ஓட்டிய பெண், நான், ஆக நாலு பேர். விடியற்காலை முழுச் சார்ஜோடு கிளம்பினோம். அறுபது, எழுபது வேகத்தில்தான் போனோம். ஏசி ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால் சார்ஜ் சரியாகப் பாதி காட்டுது. 84 கிலோமீட்டருக்குப் பாதிப் பேட்டரி, அதாவது பன்னிரண்டரை யூனிட். யூனிட்டுக்கு 6.7 கிலோமீட்டர். மிச்சப் பாதியில் திரும்ப 84 வரணும். கணக்கு வாசல்படியில் வந்து முட்டி நிக்குது. ஒரு சுற்றுவழி, ஒரு மழை வந்தால் ஊருக்குள் நுழையும் முன்னாடியே வண்டி நின்றுவிடும்.

சரி, திரும்பும்போது வேகச் சார்ஜ் போடுகிற இடத்தில் ஏற்றிக்கலாம் என்று இருந்தோம். சிகிச்சை முடிந்து அவரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனால், இரண்டு மெஷினில் ஒன்று ரிப்பேர். இன்னொன்றில் வேறு கார் நிற்குது. அது எடுத்த பிறகு எங்களுடையதைப் போட்டு, கிளம்ப ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆச்சு. டயாலிசிஸ் முடிந்த ஆள் எப்படி இருப்பார் என்று பார்த்தவங்களுக்குத் தெரியும். தலை நிற்காது. அவர் சீட்டில் சாய்ந்தபடி, "நான் பஸ்ஸிலேயே போயிடறேனே அம்மிணி" என்று அக்காவிடம் சொன்னார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. மனுவை அப்படியே பரிந்துரை செய்திருந்தால் வாரம் இரண்டு தடவை இதே நிலைமைதான்.

அன்றைக்கு ராத்திரி அந்த ஓட்டிய பெண்தான் ஒரு விஷயம் சொல்லிச்சு. "ஏனுங்க்கா, அவருக்கு உள்ளே நாலு மணி நேரம் ஆகுது. அந்த நாலு மணி நேரமும் வண்டி சும்மாதானே நிக்குது?"

அதுதாங்க விஷயம். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்றே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். வண்டி எங்கே நிற்குது, எத்தனை நேரம் நிற்குது என்று கேட்கவே இல்லை. கிரைண்டர், மோட்டார் போடுகிறோமே, அந்த 15 ஆம்ப் பெரிய பிளக், அது போதும். காரோடு தருகிற கேபிளை அதில் செருகினால் மணிக்குச் சுமார் இரண்டரை யூனிட் ஏறும். நாலு மணி நேரத்தில் 10 யூனிட். பாதியில் நின்ற பேட்டரி தொண்ணூறு சதவீதத்துக்கு வந்துவிடும். 84 கிலோமீட்டர் திரும்பி வந்தாலும் நாற்பது சதவீதம் கையில் மிச்சம். வேகச் சார்ஜும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

மறுவாரம் நானும் அந்தப் பெண்ணும் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தோம். வண்டி நிறுத்தும் கொட்டகை வைத்திருக்கிற ஒரு பெரியவர், வணிக இணைப்புதான் இருக்கு, தனி மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கிறேன், நிறுத்தக் கட்டணம் தனி என்று சொன்னார். கரண்டை விற்கலாமா, வம்பு வராதா என்று அவருக்குப் பயம். மின்சார வண்டிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது ஒரு சேவை, அதுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2018இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கிட்டார். ரோட்டோரம் டீக்கடை, இட்லிக்கடை வைத்திருக்கிற நம் உறுப்பினர்களும் இதைக் காதில் போட்டுக்கங்க. ஆனால் வீட்டு இணைப்பில் போட்டுக் காசு வாங்கக் கூடாது.

மலை ஏறுகிற நடை பற்றியும் கேட்டீங்க. பண்ணாரியிலிருந்து திம்பம், 27 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். ஆட்களோடு ஒன்றரை டன் எடையை அவ்வளவு மேலே தூக்க மட்டும் மூன்று யூனிட்டுக்கு மேல் ஆகும். ஓடுவதற்கு ஆகிற யூனிட் தனி. பதினாலு கிலோமீட்டர் மலைப்பாதை, சமவெளியில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடின மாதிரி சாப்பிட்டுவிடும். இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். காலை எடுத்தால் மோட்டாரே சைக்கிள் டைனமோ மாதிரி கரண்டு உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். மேலே செலவானதில் பாதி அளவு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அதுக்காக மீதச் சார்ஜை நம்பி ஏறாதீங்க. அந்த வளைவில் நின்றுபோனால் துணைக்கு யானைதான் வரும்.

வேகம் இன்னொன்று. காற்றை நெம்பித் தள்ளுகிற செலவு வேகத்தோடு எகிறும். அறுபதில் போகிறவர் தொண்ணூறில் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றுத் தடை மட்டும் இரண்டேகால் மடங்கு. பெட்ரோல் காருக்கு டவுன் நெரிசலில்தான் எண்ணெய் அதிகம் குடிக்கும், இந்தக் காருக்கு அது தலைகீழ். நாற்பதில் ஊர்ந்தால் தூரம் கூடும். ஏசி ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக ஒரு யூனிட். நோயாளிக்கு ஏசியை நிறுத்தச் சொல்ல முடியாது, அதனால் அதைக் கழிச்சே கணக்குப் போடுங்க. டயரில் காற்று குறைந்தாலும் தூரம் குறையும்.

பேட்டரி வயசாவதையும் மறக்கக் கூடாது. செல்போன் புதுசில் ஒரு நாள் தாங்கும், அப்புறம் மத்தியானமே அணைஞ்சிடுதே, கொஞ்சம் அந்த மாதிரி, ஆனால் மெதுவாக. பல கார்களின் பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறாங்க. உத்தரவாதம் என்றால் குறையவே குறையாது என்று அர்த்தம் இல்லை, எவ்வளவு வரைக்கும் குறையலாம் என்று அதில் எழுதியிருக்கும், வாடகை வண்டிக்கு வேறு நிபந்தனை போட்டிருப்பாங்க. படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்துப் படிக்கச் சொல்லுங்க. இப்ப 25 யூனிட் பிடிப்பது சில வருஷம் கழித்து 20 யூனிட்தான் பிடிக்குது என்றால், 6.7ஆல் பெருக்கிப் பாருங்க. 134 கிலோமீட்டர். போகிற 84க்குப் போதும். கோவையில் 10 யூனிட் ஏற்றினால் திரும்பவும் போதும், மிச்சம்தான் குறைவாக இருக்கும். கடன் முடிகிற வருஷம் வண்டி எவ்வளவு ஓடும் என்று பார்த்துத்தான் கடன் வாங்கணும். ஷோரூமில் முதல் நாள் காட்டுகிற எண்ணை வைத்து வாங்கினால் கடைசித் தவணையில் மாட்டிக்குவோம்.

எந்தக் காரும் இதைவிட அதிகம் ஓடாதா என்றால், ஓடும். 2022இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு மெர்சிடிஸ் காருக்குச் சோதனை எண் 857. பேட்டரி 107 யூனிட்டுக்கு மேல். விலை ஒரு கோடியே ஐம்பத்தைந்து லட்சம். குடம் பெரிசானால் தண்ணி கூடப் பிடிக்கும், இடுப்பு தாங்கணுமே. நம் நாட்டில் 2001இல் பெங்களூரில் வந்த ரேவா காரை இதே கூட்டத்தில் சில பேர் பார்த்திருப்பீங்க, பொம்மைக் கார் மாதிரி இருக்கும். அது ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர். அதைவிட வேடிக்கை, அமெரிக்காவில் பெட்ரோல் காரை ஊர் ஊராக விற்ற ஹென்றி ஃபோர்டு இருக்காரே, அவர் வீட்டம்மா கிளாரா ஓட்டியது பேட்டரி கார். 1914 மாடல், டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்று பேர். ஒரு சார்ஜுக்கு 80 மைல், சுமார் 130 கிலோமீட்டர் என்று கணக்கு. அந்தக் காலத்துப் பெட்ரோல் காரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்பணும். பேட்டரி காருக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்காரர் தொழில் என்ன என்று பார்க்காமல் தனக்கு எது தோது என்று பார்த்திருக்காங்க அந்த அம்மா.

இனி பணத்துக்கு வருகிறேன். மாதம் 12 நடை என்று மனுவில் இருக்கு. 2,016 கிலோமீட்டர். 6.7ஆல் வகுத்தால் 300 யூனிட். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாக வீணாகும், அதனால் மீட்டரில் 340 ஓடும் என்று வைத்துக்கங்க. இதில் 12 நடைக்கும் கோவையில் பத்துப் பத்து யூனிட் ஏற்றினாலும், ஊரில் மாதம் 200 யூனிட்டுக்கு மேல் வரும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டைத் தாண்டும். இதை யார் வீட்டு இணைப்பில் போடுவீங்க? வீட்டு ரீடிங் இரண்டு மாதத்துக்கு 500ஐத் தாண்டினால் யூனிட் விலை ஒரேயடியாக ஏறும். அந்த வீட்டுக்காரங்க டிவி, மிக்ஸி போட்டதுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்டணும். குழுவுக்குள்ளே சண்டை வர இதைவிட வேற காரணம் வேண்டாம். வாடகை வண்டிக்கு வீட்டு இணைப்பில் போடுவதும் சரியில்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தனி இணைப்பு கேட்கணும்.

யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றே வைத்தாலும், ஒரு நடைக்கு 28 யூனிட் சொச்சம், 230 ரூபாய்க்குள். டீசல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், லிட்டர் 93 ரூபாய் என்று போட்டால் 168 கிலோமீட்டருக்கு 870 ரூபாய் ஆகுது. நடைக்கு 640 ரூபாய் மிச்சம், மாதம் 7,600 ரூபாய் சொச்சம். இது நல்ல காசுதான். ஆனால் மனுவில் இருந்த மாதிரி 24 நடை என்று போட்டுத் தவணை கட்ட முடியாது. ஒரு சார்ஜில் இரண்டு நடை என்ற நம்பிக்கையில் எழுதிய வரவு அது. அந்த வரவை நம்பிக் கடன் வாங்கியிருந்தால் நாலாம் மாதமே தவணை நின்று, மூன்று குழுவின் மற்ற கடனுக்கும் வங்கி கையை விரித்திருக்கும். சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டி வந்திருக்கும். அதனால்தானுங்க நிறுத்தி வைத்தோம்.

இப்ப நிலைமை என்ன என்றால், மூன்று குழுவில் ஒரு குழு விலகிக்கிச்சு. அவங்க ஊரிலிருந்து ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு பேட்டரி ஆட்டோ போதும் என்று சொல்லிட்டாங்க, ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர்தான் ஓட்டம். மற்ற இரண்டு குழுவும் கார் மனுவைத் திருத்தி எழுதறாங்க. கொஞ்சம் பெரிய, முப்பது யூனிட் பேட்டரிக் காராகப் பார்க்கலாமா, விலை கூடினால் முன்பணம் எவ்வளவு சேர்க்கணும் என்று பேச்சு நடக்குது. எந்தக் காராக இருந்தாலும் அதே ரோட்டில், நாலு பேரோடு, ஏசி போட்டு ஓட்டிப் பார்த்து, கிளம்பும்போது இருந்த சதவீதமும் சேர்ந்தபோது இருந்த சதவீதமும் நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வரணும் என்று சொல்லியிருக்கோம்.

எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார். 15 ஆம்ப் பிளக்குக்குத் தனி ஒயர், எர்த் எல்லாம் பார்த்து எஸ்டிமேட் தருவார். ராத்திரி வோல்டேஜ் எப்படி இருக்கு என்றும் அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்க, நம் ஊர்க் கடைசி டிரான்ஸ்பார்மரில் ஏழு மணிக்கு மேல் ஃபேனே சுற்றுவதில்லை. பத்து மணிக்கு மேல் சார்ஜ் போட்டால் விடியற்காலைக்குள் நிறையுமா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் தோது என்று நேரம் குறிக்கணும்.